டேஷ்போர்டுக்குப் பின்னால்

வெள்ளிக்கிழமை காலை ஐந்தே முக்காலுக்குக் குந்தவை காரில் ஏறிச் சாவியைத் திருப்பினாள். 'டிக்' என்று ஒரு சத்தம் வந்தது. மறுபடி திருப்பினாள். அந்த 'டிக்' கூட வரவில்லை. ஸ்டியரிங் மேல் ஓங்கி ஓர் அறை விட்டாள். அறை வாங்கியது வண்டிதான் என்றாலும், அது விழ வேண்டிய கன்னம் சிங்கப்பூரில் இருந்தது.

பின்னே என்ன? சித்திரை மாதம் வரைக்கும் அந்த வண்டிக்கு ஒரு தும்மல் கிடையாது. பழைய வண்டிதான், ஆனால் சாவியைத் தொட்டால் போதும், பிடித்துக்கொள்ளும். ஒரு மாத லீவில் ஊருக்கு வந்த அவள் புருஷன் செந்தில்குமாருக்குக் கை சும்மா இருக்கவில்லை. போனில் நாலு வீடியோ பார்த்தான். டேஷ்போர்டைக் கழற்றினான். பழைய ரேடியோவைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த பெரிய டச் ஸ்கிரீனை அந்த இடத்தில் வைத்தான். "எலக்ட்ரீசியன்கிட்ட குடுத்தா ஏமாத்துவான். இதெல்லாம் என்ன பெரிய வித்தையா?" என்றான். இரண்டு நாள் வாசலில் ஸ்க்ரூக்களைப் பரப்பி வைத்துக்கொண்டு, அவளைக் கிட்டே விடாமல் வேலை பார்த்தான். எல்லாம் மூடி முடித்தபோது கையில் ஐந்து ஸ்க்ரூ மிச்சம் இருந்தது. "கம்பெனிக்காரன் அதிகமாப் போட்டிருக்கான்" என்று சொல்லிவிட்டு விமானம் ஏறிப் போய்விட்டான்.

அவன் போன பிறகு பிடித்தது சனியன். பிரேக்கை மிதித்தால் ஸ்கிரீன் அணைந்து அணைந்து எரியும். இண்டிகேட்டர் போட்டால் மீட்டர் விளக்கெல்லாம் கூடவே மினுக்கும். காலையில் பேட்டரி செத்துக் கிடக்கும். புதன்கிழமை கோனேரிராஜபுரம் போகிற வழியில் ஸ்டியரிங்குக்கு அடியிலிருந்து புகையே வந்துவிட்டது. நடு ரோட்டில் வண்டியைப் போட்டுவிட்டு, ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கி ஓடினாள். புகை அடங்கிய பிறகுதான் ஸ்கிரீனை அணைத்துவிட்டு மெல்ல ஓட்டி வந்தாள்.

அந்த ஐஸ் பெட்டிக்குள்தான் அவள் பிழைப்பு இருந்தது. மயிலாடுதுறையில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. விடிகாலையில் ஊர் ஊராகப் போய், நடமாட முடியாதவர்களுக்கும் சர்க்கரைக்காரர்களுக்கும் வீட்டிலேயே ரத்தம் எடுத்து, ஒன்பது மணிக்குள் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். லேப் டெக்னீஷியன் படிப்பைப் படித்துவிட்டுப் பத்து வருஷம் அடுப்படியில் கிடந்தவளுக்கு, இந்த எட்டு மாதமாகத்தான் சொந்தமாக ஒரு வேலை. கார் இருந்தால்தான் அந்த வேலை இருக்கும்.

அந்தக் காருக்குத்தான் முந்தின நாள் செந்தில்குமார் போனில் நாள் குறித்திருந்தான்.

"உனக்கு ஒரு வண்டிய ஒழுங்கா வெச்சுக்கத் தெரியல. மழைத் தண்ணியில வுட்டு ஓட்டி ஒயரிங்கப் பூரா நாசம் பண்ணிட்ட. ஞாயித்துக்கெழம புரோக்கர் ஐயாவு அண்ணன் வருவாரு. சாவியக் குடுத்துடு. தஞ்சாவூர்ல கொண்டுபோயி வித்துடட்டும்."

"நீங்க பிரிச்சு மேஞ்ச பொறவுதாங்க வண்டி இப்படி ஆச்சு."

"நான் மாட்டுனது ஸ்கிரீனு. நீ ஓட்டுறது வண்டி. எது யாரால கெட்டுச்சுன்னு எனக்குத் தெரியாதா? வித்துட்டா வீட்டோட இருப்பல்ல" என்று சொல்லி வைத்துவிட்டான்.

குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம்! ஆனி மாதத்தில் ஏதய்யா மழை? வானத்தில் ஒரு பொட்டு மேகம் கிடையாது. வாயில் வந்ததைச் சொல்வான், அதைத் தலையில் வாங்கிக்கொள்ள வேண்டும். வண்டி யாரால் கெட்டது என்பதை ஞாயிற்றுக்கிழமைக்குள் நிரூபித்தாக வேண்டும், இல்லாவிட்டால் சாவியும் போச்சு, வேலையும் போச்சு.

லேபுக்குப் போன் போட்டு இன்றைக்கு வர முடியாது என்றாள். "இன்னொரு தடவ இப்படின்னா நாங்க வேற ஆள் பாத்துக்குறோம்மா" என்று அங்கிருந்து பதில் வந்தது. பக்கத்து வீட்டு அரசப்பன் தன் டிராக்டரைக் கொண்டுவந்து எதிரே நிறுத்தி, அதன் பேட்டரியிலிருந்து கேபிள் போட்டுக் கொடுத்தார். வண்டி இருமிக்கொண்டே உயிர் பிடித்தது.

குத்தாலத்து ஒயரிங் கடைக்குக் கிளம்பப் போகும்போது பார்த்தால், மாமனார் வைரக்கண்ணு வெள்ளைச் சட்டையும் கையில் மஞ்சள் பையுமாக முன் கதவுக்குப் பக்கத்தில் நிற்கிறார்.

"வேலைக்கில்லாம நீ வேற எங்க போனாலும் கூடப் போயிப் பாக்கச் சொன்னான் செந்திலு" என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல்.

"சொல்லியிருப்பாரு. ஏறுங்க."

இரண்டு வாரமாக இரண்டு பேருக்கும் நடுவே பேச்சு இவ்வளவுதான். அதற்கு முன்னால் அப்படி இல்லை. மாமியார் போன பிறகு இந்த நாலு வருஷத்தில், வீட்டில் அவள் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்தது அவரோடுதான். ஆனால் இரண்டு வாரத்துக்கு முன்னால் அவரை உரக்கடைக்கு அழைத்துப் போய்த் திரும்பும்போது, காவிரியில் புதுத்தண்ணீர் வந்திருக்கிறதே என்று குத்தாலம் படித்துறைப் பக்கம் பத்து நிமிஷம் வண்டியை நிறுத்தினாள். அன்றைக்கே புருஷன் போனில் கேட்டான்: "படித்துறையில பத்து நிமிஷம் உனக்கு என்ன வேலை?" வண்டியில் இருந்தது அவளும் மாமனாரும் மட்டும். வேறு யார் சொல்லியிருப்பார்கள்? கூடவே உட்கார்ந்து வந்துவிட்டு, கீழே இறங்கியதும் மகனுக்கு ஒப்பிக்கிறார் கிழவர் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். அவரும் அந்த வாரத்திலிருந்தே அவளைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

குத்தாலம் கடைத்தெருவில் அல்லா பிச்சையின் கடை. வண்டி ஒயரிங் வேலையில் முப்பது வருஷம் ஊறியவர். நெற்றியில் கண்ணாடி, மூக்கு நுனியில் கோபம். வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார், குனிந்து ஸ்டியரிங்குக்கு அடியில் மோந்து பார்த்தார்.

"யாரு கை வெச்சது?"

"என் வீட்டுக்காரரு, பாய்."

"எலக்ட்ரிக்கல் படிச்சவரா?"

"வீடியோ பாத்துப் பண்ணாரு."

"வீடியோ பாத்துப் பல்லு புடுங்கிக்குவாரா?" என்று அல்லா பிச்சை வள்ளென்று விழுந்தார். "வண்டின்னா மட்டும் எல்லாத்துக்கும் எளக்காரம். தள்ளுங்க தங்கச்சி."

டேஷ்போர்டின் முன் மூடியை அவர் இழுத்தார். ஐந்து ஸ்க்ரூ இல்லாததால் பாதி தானாகவே கையோடு வந்துவிட்டது. உள்ளே பார்த்தால், அடக் கண்றாவியே! சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று ஒயர்கள் நூல்கண்டுபோல் சிக்கிக் கிடந்தன. முடிச்சுக்கு முடிச்சு செல்லோ டேப். வெயிலில் பசை இளகி, டேப் நழுவி, செம்புக் கம்பி பல்லை இளித்துக்கொண்டிருந்தது.

"செல்லோ டேப்பு!" என்றார் அல்லா பிச்சை, தெருவுக்கே கேட்கும்படி. "கல்யாணப் பரிசுக்கு ஒட்டுற டேப்ப ஒயருக்கு ஒட்டியிருக்கான் மனுசன்!"

ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். ஸ்கிரீனின் எர்த்து ஒயரை வண்டி பாடியில் பிடிக்காமல், பக்கத்தில் ஓடுகிற விளக்கு ஒயரோடு சேர்த்து முறுக்கியிருந்தது. அதனால்தான் பிரேக்கை மிதித்தால் அது அணைகிறது. சாவி போட்டால் வருகிற கரண்ட் ஒயரையும், எந்நேரமும் வருகிற கரண்ட் ஒயரையும் ஒன்றாக முடிந்திருந்தது. அதனால் சாவியை எடுத்த பிறகும் ஸ்கிரீன் உள்ளுக்குள் தூங்காமல் கிடந்து பேட்டரியைக் குடிக்கிறது. கேட்கக் கேட்கக் குந்தவைக்கு உள்ளே கோபம் ஏறிக்கொண்டே போனது. ஒன்றரை மாதமாக அவள் வாங்கிய ஏச்சு அத்தனைக்கும் கணக்கு இங்கே ஒயர் ஒயராகத் தொங்குகிறது.

"மழைத் தண்ணியில வுட்டு ஓட்டுனதால இப்படி ஆவுமா, பாய்?"

"எந்த மழை? உள்ள பூரா புழுதி கெடக்கு. ஒரு சொட்டுத் தண்ணி பட்ட தடம் கெடயாது."

"இத அப்படியே அவருகிட்ட போன்ல சொல்லுவீங்களா?"

"சொல்றது என்னா, நல்லாவே கேட்டு வுடுறேன்."

குந்தவை மாமனாரைத் திரும்பிப் பார்த்தாள். காதில் விழுந்ததா, இதையும் உம் மகனுக்கு ஒப்பியும் என்பதுபோல ஒரு பார்வை. வைரக்கண்ணு பையை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்தது ஃபியூஸ் பெட்டி. அல்லா பிச்சை டார்ச் அடித்து ஒவ்வொரு ஃபியூஸாக உருவி எடுத்துப் பார்த்துக்கொண்டே வந்தார். ஓர் இடத்தில் கை நின்றுவிட்டது. குறடால் மெல்லப் பிடித்து இழுத்தார். எரிந்துபோன ஃபியூஸ் ஒன்று வந்தது. அதன் இரண்டு காலையும் சேர்த்து, தடித்த செம்புக் கம்பி மூன்று இழை இறுக்கிச் சுற்றியிருந்தது. அதை ஒட்டியிருந்த ஒயர் உருகிக் கறுத்துப்போயிருந்தது.

"புகை வந்தது இங்கேருந்துதான்" என்றார். குரலில் சத்தம் இல்லை. அதுவே பயமாக இருந்தது. "இன்னும் ரெண்டு நிமிசம் ஓட்டியிருந்தா வண்டி புடிச்சு எரிஞ்சிருக்கும். நீங்க உள்ள இருந்திருப்பீங்க."

"இதுவும் அவரு பண்ணதுதானா?"

"இல்ல. செல்லோ டேப்புக்காரருக்கு இவ்வளவு அழகாச் சுத்த வராது. இது மோட்டார் கொட்டக வேலை. பம்புசெட்டு ஃபியூஸ் கட்டையில சுத்திப் பழகுன கை."

பெஞ்சில் இருந்து ஒரு கனைப்பு வந்தது.

குந்தவை திரும்பினாள். வைரக்கண்ணு எழுந்து நின்றிருந்தார்.

"செவ்வாக்கெழம மத்தியானம் ஸ்கிரீனு வேலை செய்யல. பாத்தேன், ஃபியூஸு போயிருந்திச்சு. அவன் ஆசையா மாட்டிட்டுப் போனது, கெட்டுப்போச்சுன்னா வருத்தப்படுவானேன்னு..." என்று இழுத்தார். "மோட்டாருக்கு அப்படித்தானே போடுறோம். மும்முனைக் கரண்டு வர்றதே கொஞ்ச நேரம். அதுக்குள்ள ஃபியூஸு போயிப் போயி நின்னா நாத்து காஞ்சிபோவும். மூணு இழை சேத்துச் சுத்துனா நிக்கும். முப்பது வருசமா நின்னிருக்கு."

"ஃபியூஸு போறதே மத்ததக் காப்பாத்தத்தான்யா!" என்று கத்தினார் அல்லா பிச்சை. "அது போவக்கூடாதுன்னு நீங்க கம்பி சுத்துனா, அதுக்குப் பதிலா வண்டி போவும். வண்டியோட ஆளும் போவும்."

குந்தவைக்கு அதற்கு மேல் அடக்க முடியவில்லை. "ஏன் மாமா, புகை வந்திச்சுன்னு புதன்கெழம நான் வந்து நடுங்கிக்கிட்டு நின்னேனே, அப்ப சொல்லியிருக்கலாம்ல? வண்டிய நான்தான் எரிச்சேன்னு நேத்து உங்க மவன் ஸ்பீக்கர்ல கத்துனாரே, பக்கத்துல உக்காந்து சோறு தின்னுக்கிட்டுத்தானே இருந்தீங்க? வாயில என்ன கொழுக்கட்டையா?"

கடைக்கு வந்திருந்த இரண்டு பேர் வேடிக்கை பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று விட்டாள்.

பன்னிரண்டரைக்கு அல்லா பிச்சை கையைக் கழுவிக்கொண்டு தொப்பியை எடுத்தார். "ஜும்மாவுக்குப் போயிட்டு வந்துடுறேன். எதையும் தொடாதீங்க" என்றவர், வைரக்கண்ணுவைப் பார்த்து, "முக்கியமா நீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

குடல் உருவிய ஆடுபோல் கிடந்த வண்டிக்கு முன்னால் மாமனாரும் மருமகளும் மட்டும் உட்கார்ந்திருந்தார்கள். தெருவில் வெயில் கொளுத்தியது. குந்தவையே ஆரம்பித்தாள்.

"படித்துறையில நின்னத அவருகிட்ட எதுக்குச் சொன்னீங்க?"

"நானா? நான் எங்க சொன்னேன்?"

"வண்டியில நாம ரெண்டு பேரும்தானே இருந்தோம்? அப்ப காவிரித்தாயி போன் போட்டுச் சொன்னாளா?"

வைரக்கண்ணுவின் முகம் சிவந்தது. "நல்லாருக்கு தாயி நீ கேக்குறது! நீ மட்டும் என்ன பண்ண? ரெண்டு மா நெலத்த மருதையனுக்குக் குத்தகைக்கு வுடப்போறேன்னு வண்டியில வர்றப்ப உன்கிட்ட சொன்னேன். உன்கிட்ட மட்டும்தான் சொன்னேன். மருதையன்கிட்டகூட இன்னும் வாயத் தொறக்கல. மறுநா காலையில ஆறு மணிக்கெல்லாம் போன் போட்டு, யாரக் கேட்டு வுடுறீங்கன்னு தாறுமாறாப் பேசுனான். பெத்த அப்பன்னுகூடப் பாக்கல. நீதானே போட்டுக் குடுத்த?"

"சத்தியமா நான் சொல்லல."

"நானும் சொல்லல."

"அப்ப யாரு சொன்னது?"

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் வெறித்துப் பார்த்தார்கள். அவர் பொய் சொல்கிறார் என்று அவளும், அவள் பொய் சொல்கிறாள் என்று அவரும் நினைத்தது முகத்தில் எழுதி ஒட்டியதுபோல் தெரிந்தது. இவர் ஒரு முனை, அவள் ஒரு முனை என்று பெஞ்சில் நகர்ந்து உட்கார்ந்தார்கள்.

தொழுகை முடிந்து வந்த அல்லா பிச்சை மளமளவென்று வேலையைப் பார்த்தார். உருகின ஒயரை வெட்டிப் புது ஒயர் போட்டார். எர்த்தை பாடியில் முடுக்கினார். சேர்த்து முறுக்கியதைப் பிரித்து ஒழுங்காகக் கோத்தார். சரியான ஃபியூஸை வைத்தார். பிறகு சாவியை எடுத்துவிட்டு, பேட்டரி ஒயருக்கு நடுவில் மீட்டரைக் கோத்தார்.

"சாவிய எடுத்தாச்சுன்னா இந்த நம்பரு இறங்கிப்போயி சும்மா கெடக்கணும்" என்றார்.

நம்பர் இறங்கியது. ஆனால் சும்மா கிடக்கவில்லை. பாதியில் நின்று துடித்துக்கொண்டிருந்தது. ஸ்கிரீனின் ஒயரையே கழற்றிவிட்டுப் பார்த்தார். அப்போதும் துடித்தது. ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். எல்லாம் பிடுங்கிய பிறகும் துடித்தது.

"இன்னும் எதுவோ குடிக்குது தங்கச்சி. ஃபியூஸு வழியா இல்ல, அதுக்கு முன்னாடியே கொக்கி போட்டிருக்காங்க."

சாவித் துவாரத்துக்குப் போகிற தடித்த ஒயரை விரலால் தடவிக்கொண்டே போனார். அதில் ஓர் இடத்தில் மெல்லிய கறுப்பு ஒயர் ஒன்று ஒட்டிக்கொண்டு பிரிந்தது. அதற்கு மட்டும் செல்லோ டேப் இல்லை. நல்ல கறுப்பு டேப்பாக, நிதானமாக, அழகாகச் சுற்றியிருந்தது. அது டேஷ்போர்டுக்குப் பின்னால் ஓடி, இடது பக்கப் பெட்டிக்கு அடியில் போய் மறைந்தது. அல்லா பிச்சை கையை முழங்கை வரைக்கும் உள்ளே விட்டு, கண்ணை மூடிக்கொண்டு துழாவினார். ஸ்பாஞ்சில் சுற்றிய ஒரு கறுப்புப் பெட்டியை வெளியே எடுத்தார். தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிது. பச்சை விளக்கு ஒன்று அதில் கண் சிமிட்டியது.

"இது என்ன, பாய்?"

அல்லா பிச்சை அதைத் திருப்பிப் பார்த்தார். பெட்டியின் மூடியைத் திறந்தார். உள்ளே ஒரு சிம் கார்டு இருந்தது.

"லாரிக்காரங்க வைப்பாங்க. வண்டி எங்க போவுது, எங்க நிக்குது, எத்தன நிமிசம் நிக்குதுன்னு ஓனரு போன்ல காட்டும்." பெட்டியிலிருந்து போன இன்னொரு மெல்லிய ஒயரைப் பிடித்துக் காட்டினார். ஸ்டியரிங் தண்டுக்கு அடியில் அதன் நுனியில் மிளகு அளவுக்கு ஒரு குமிழ் இருந்தது. "இது மைக்கு. இந்த சிம்முக்கு போன் போட்டா மணி அடிக்காம எடுத்துக்கும். வண்டிக்குள்ள பேசுறது பூரா அங்க கேக்கும்."

வண்டிக்குள் அவள் என்னவெல்லாம் பேசியிருக்கிறாள்! அக்காவோடு ஸ்பீக்கரில் பேசி அழுதிருக்கிறாள். யாரும் இல்லை என்று தனக்குத்தானே பாடியிருக்கிறாள். விடிகாலையில் தனியாகப் போகையில் அவனையே வாய்விட்டுத் திட்டியிருக்கிறாள். இரண்டாயிரம் மைலுக்கு அந்தப் பக்கம் ஒருத்தன் காதில் வைத்துக்கொண்டு படுத்திருந்திருக்கிறான். உடம்பெல்லாம் கூசிப்போயிற்று.

வைரக்கண்ணு வாய் பிளந்து நின்றார். "அப்ப... மருதையன் விசயம்..."

"இதுதான் சொல்லியிருக்கு, மாமா. நானும் இல்ல, நீங்களும் இல்ல."

இரண்டு வாரம் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்க்காமல் சோறு தின்றோமே என்று இரண்டு பேருக்கும் ஒரே சமயத்தில் உறைத்தது. "என்னை மன்னிச்சிடு தாயி" என்றார் கிழவர். கண் கலங்கியிருந்தது. அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இந்த மனுஷனைப் போய்ச் சந்தேகப்பட்டோமே என்று இருந்தது.

"கழட்டிடவா? கழட்டுனா ஓனருக்கு மெசேஜு போவும்" என்றார் அல்லா பிச்சை.

"கழட்டுங்க. போவட்டும்."

கறுப்பு ஒயரை வெட்டினார். பச்சை விளக்கு அணைந்தது. மீட்டரில் நம்பர் இறங்கிப்போய்ச் சும்மா கிடந்தது. ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, குந்தவையின் போன் அடித்தது. அவள் ஸ்பீக்கரில் போட்டு, பெஞ்சின் மேல் வைத்தாள்.

"யாரு வண்டியப் பிரிச்சது?" என்றான் செந்தில்குமார். ஹலோ கிடையாது, ஒன்றும் கிடையாது. "காலையிலேருந்து குத்தாலத்துல என்னா பண்ற?"

"நான் குத்தாலத்துல இருக்கேன்னு உங்களுக்கு யாரு சொன்னா?"

செந்தில்குமார் இழுத்தான்.

"அது... வண்டி திருட்டுப் போயிடக் கூடாதுன்னு ஒரு பாதுகாப்புக்கு வெச்சது."

"திருடன் பாட்டுப் பாடுனா கேக்குறதுக்கா மைக்கு?"

"இந்தா, ரொம்பப் பேசாத. தேரழுந்தூர்ல ஒரு வீட்டு வாசல்ல அரமணி நேரம் வண்டி நிக்குது. அங்க யாரு இருக்கா? புருசன் வெளிநாட்டுல இருக்கான், நான் கேக்காம வேற யாரு கேப்பா?"

"எண்பது வயசுப் பாட்டி இருக்கு. நரம்பு ஆப்புடாம மூணு எடத்துல குத்தி ரத்தம் எடுத்தேன். வலியில அழுதுச்சு, கொஞ்ச நேரம் கையப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே! இதுக்கா வண்டிய விக்கணும்னீங்க? மழையாம், தண்ணியாம்!"

அதற்குள் வைரக்கண்ணு போனுக்கு நேரே குனிந்துவிட்டார். "டேய்! பெத்த அப்பன் பேசுறத ஒட்டுக் கேட்டியாடா? தூ! நெலம் என் பேர்ல இருக்கு, நான் யாருக்கும் குத்தகைக்கு வுடுவேன். அத ஒளிஞ்சிருந்து கேக்குறதுக்கு உனக்கு வெக்கமா இல்ல? நீயெல்லாம் ஒரு ஆம்பளையா?"

குந்தவைக்கு அப்படியே குளிர்ந்தது. கேளும் மாமா, நன்றாகக் கேளும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

"நீங்க சும்மா இருங்கப்பா!" என்று செந்தில்குமார் எகிறினான். "மாட்டுறப்ப பக்கத்துல நின்னு டார்ச் அடிச்சது யாரு? அவ எங்க போறா வர்றான்னு தெரியுற மாதிரி ஒண்ணு வைக்கப்போறேன்னு சொன்னதுக்கு, நல்லதுதான்டா தம்பி, வையின்னது யாரு? இப்ப என்னமோ ஒண்ணும் தெரியாத மாதிரி குதிக்கிறீங்க?"

அல்லா பிச்சை குறடைக் கீழே வைத்துவிட்டு வேறு பக்கம் பார்த்தார்.

"மாமா?" என்றாள் குந்தவை.

வைரக்கண்ணுவின் நிமிர்ந்த முதுகு மெல்ல வளைந்தது. "வண்டி எங்க நிக்குதுன்னு மட்டும்தான் தெரியும்னான் தாயி. பேச்செல்லாம் கேக்கும்னு சொல்லவே இல்ல. சொல்லியிருந்தா வுட்டிருப்பேனா?"

"அப்ப நான் எங்க நிக்கிறேன்னு பாக்குறது பரவாயில்ல."

"ஊரு ஒலகம் ஒண்ணு சொல்லிடக் கூடாதேன்னு..."

"நீங்க பேசுனத அவரு கேட்டாருன்னதும் உங்களுக்கு ரோசம் பொத்துக்கிட்டு வந்திச்சு. தூன்னு துப்புனீங்க. என்னைய வேவு பாக்க டார்ச் அடிச்சுக் குடுத்தப்ப அந்த ரோசம் எங்க மாமா போச்சு? செத்த முன்னாடி உங்களப் போயிச் சந்தேகப்பட்டோமேன்னு நான் அழுவாத கொறையா நின்னேன். அப்பகூட உங்களுக்கு வாய் வரல."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். போனில் செந்தில்குமார் இன்னும் ஏதோ கத்திக்கொண்டிருந்தான். குந்தவை போனைக் கையில் எடுத்தாள்.

"கேளுங்க. ஞாயித்துக்கெழம ஐயாவு அண்ணன் வீணா அலைய வேணாம். சாவிய நான் குடுக்கப்போறதில்ல. நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு நான் வேலைக்குப் போறேன்."

"ஓகோ, அவ்வளவு தூரம் ஆயிடுச்சா? நான் டிக்கெட் போட்டு வந்தா என்னா நடக்கும் தெரியுமா?"

"வாங்க. வந்து நேருக்கு நேரா நில்லுங்க. எங்க போன, யாரோட பேசுனன்னு என் மூஞ்சியப் பாத்துக் கேளுங்க. பதில் சொல்றேன். ஒளிஞ்சிருந்து கேட்டா பதில் கெடயாது" என்று சொல்லிப் போனை வைத்தாள். மறுபடி அடித்தது. அணைத்துவிட்டாள்.

அல்லா பிச்சை ஸ்கிரீனைக் காட்டி, "இத என்னா பண்றது?" என்று கேட்டார். வேண்டாம், எடுத்துவிடுங்கள் என்றாள். அந்த இடத்தை ஒரு பிளாஸ்டிக் தகட்டால் மூடி, இல்லாத ஐந்து ஸ்க்ரூவுக்கும் தன் டப்பாவிலிருந்து தேடிப் போட்டு முடுக்கிக் கொடுத்தார். கூலியை வாங்கிக்கொள்ளும்போது, "வண்டி இனிமே உங்கள ஏமாத்தாது தங்கச்சி" என்றார்.

குந்தவை உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள். ஒரே திருப்பு, பிடித்துக்கொண்டது. பிரேக்கை மிதித்துப் பார்த்தாள், இண்டிகேட்டரைப் போட்டுப் பார்த்தாள். எல்லாம் அதனதன் வேலையைச் செய்தது.

வைரக்கண்ணு வந்து முன் கதவின் கைப்பிடியில் கையை வைத்தார். கதவு திறக்கவில்லை. அவள் ஜன்னல் கண்ணாடியை இறக்கி, கறுப்புப் பெட்டியை ஒயரோடு எடுத்து அவருடைய மஞ்சள் பைக்குள் போட்டாள்.

"வெச்சது நீங்க ரெண்டு பேரும். வீட்டுக்கு எடுத்துக்கிட்டுப் போங்க. மூணரைக்கு நம்ம ஊரு வழியா பஸ்ஸு இருக்கு."

"பஸ்ஸுலயா? நீ எங்க தாயி போற?"

கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்பது அவருக்கே புரிந்தது. கைப்பிடியிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

"அத இனிமே நானா சொன்னாத்தான் தெரியும், மாமா" என்று சொல்லிவிட்டுக் குந்தவை கியரைப் போட்டாள்.